அரைப் பவுனும் ஒரு மொய் நோட்டும்

கொரியாவில் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ‘டோல்’ என்று பெயர். கப்பலூர் வழியாக மதுரைக்குப் போய்வருகிற விருதுநகர்க்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். அதிலும் தப்பில்லை. ஒரு வயதைத் தாண்டும் பிள்ளைக்காகச் சொந்தபந்தம் எல்லாம் வந்து கட்டிவிட்டுப் போகிற தொகை ஒன்று இரண்டு ஊரிலும் உண்டு. அங்கே அது மோதிரம். இங்கே மொய்.

முதலில் மோதிரத்தை எடைத்தட்டில் வைப்போம். டோல் அன்று குழந்தைக்குப் போடுவது வழக்கமாக 1 டொன் எடையுள்ள சொக்கத்தங்க மோதிரம். 1 டொன் என்றால் 3.75 கிராம், ஜப்பானின் 5 யென் நாணயம் இன்றும் அதே எடைதான். நம் பவுன் 8 கிராம், ஆனால் 22 காரட். 3.75 கிராம் சொக்கத்தங்கத்தில் செம்பு சேர்த்து நம்மூர் 22 காரட்டாக ஆக்கினால் 4.09 கிராம் வரும். சேதாரம், செய்கூலியை மறந்துவிட்டால் அது அரைப் பவுன். சோலில் ஒரு சித்தப்பன் போடும் மோதிரமும், மல்லாங்கிணற்றில் கொஞ்சம் வசதியுள்ள தாய்மாமன் மருமகளுக்குப் போடும் அரைப் பவுனும் தராசில் ஏறத்தாழ நேராக நிற்கும்.

விலைக்கு வருவோம். சென்னையில் 2025 ஜனவரி 1 அன்று பவுன் 57,200 ரூபாய். செப்டம்பரில் 80,000-ஐத் தாண்டியது, அக்டோபரில் 90,000-ஐ. இந்தக் கட்டுரை முழுக்கக் கணக்கு எளிதாக இருக்கப் பவுன் 90,000 என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போது கிராம் 11,250, அரைப் பவுன் 45,000. கொரியப் பணம் 1,000 வொன்னுக்கு 62 ரூபாய் என்று பிடித்து, அங்கே தங்கத்தின் மேல் விழும் 10 சதவீத வரியையும் சேர்த்தால் 1 டொன் மோதிரம் சுமார் 8 லட்சத்து 16 ஆயிரம் வொன் ஆகிறது.

தராசில் நேராக நின்ற இரண்டும் கூலி நோட்டில் நேராக நிற்பதில்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025–26-ல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அரைப் பவுனை அதனால் வகுத்தால் 134 நாள். 100 நாளும் ஒரு நாள் விடாமல் வேலை கிடைத்து, கூலியில் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் 33,600-தான்; மோதிரத்துக்கு இன்னும் 11,400 குறையும். அதாவது ஏறத்தாழ ஒரு கிராம் இடிக்கும். தென்கொரியாவில் 2025-ன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். அங்கே அதே மோதிரத்துக்கு 81 மணி நேரம், நாளைக்கு 8 மணி என்றால் 10 நாள். 134-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிற தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பக்கங்களைப் புரட்டலாம்.

மல்லாங்கிணறு விருதுநகருக்கு வடகிழக்கே, காரியாபட்டி பக்கம். கரிசல் காடு. 2023-ல் மாநில நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற தங்கம் தென்னரசுவுக்கும், அவர் அக்கா கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனுக்கும் சொந்த ஊர். நிதியமைச்சர் பெயரிலேயே தங்கம் இருப்பதால் கணக்குப் பார்க்க ராசியான ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். கொரியக் குழந்தை எதற்கும் மல்லாங்கிணற்றில் டோல் நடந்த கதையல்ல இது. ஹுண்டாய் 1996-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்ததிலிருந்து கொரியக் குடும்பங்கள் சென்னைப் பக்கத்தில் வாழ்கின்றன. தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் அந்த வட்டாரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒரே பட்டறையில் நிற்கிற இரண்டு அப்பாக்கள் (‘அப்பா’ என்ற சொல் கொரிய மொழியிலும் அப்பாதான்) தத்தம் பிள்ளையின் முதல் வருஷத்துக்கு எழுதும் கணக்கு எப்படியிருக்கும் என்பதுதான் கேள்வி. இங்கே அந்த விசேஷத்தின் பெயர் பத்திரிகையில் ‘காதணி விழா’, வாய்ப்பேச்சில் ‘காது குத்து’. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில் வைப்பார்கள். ஒன்றிலேயே மொட்டையும் காது குத்தும் சேர்த்து முடித்துவிட்டால் ஒரு செலவு மிச்சம் என்பது வீட்டுப் பெரியவர்களின் பொருளாதாரம்.

வயதைச் சொல்லுவதில்கூட ஒரு ஒற்றுமை. கொரியாவில் பிறக்கும்போதே குழந்தைக்கு ஒரு வயது என்று எண்ணும் பழக்கம் இருந்தது. 2023 ஜூன் 28 முதல்தான் அரசு காகிதங்களில் உலக வழக்கப்படி வயதைக் கணக்கிடச் சட்டம் வந்தது. நம் ஆத்தாக்களிடம் கேளுங்கள்: “ஒண்ணு முடிஞ்சு ரெண்டு நடக்குது.” முடிந்ததைச் சொன்னாலும் நடப்பதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

*

எதற்காக முதல் வருஷத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? அதற்கான புள்ளிவிவரம் பிறப்பு–இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 பிள்ளைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஒன்பதில் ஒன்று. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. 2020-ல் அந்த 113 என்பது 13 ஆகிவிட்டது. கொரியாவில் இன்று ஆயிரத்துக்கு 2 அல்லது 3. அங்கேயும் ஒரு காலத்தில் 100 நாள் தாண்டுவதே பெரிய காரியம். அதனால்தான் நூறாம் நாளுக்கு ஒரு விசேஷம், வருஷம் முடிந்தால் அதைவிடப் பெரிய விசேஷம்.

பிழைக்குமோ பிழைக்காதோ என்ற பயம் பெயரிலும் ஏறியது. முந்தின பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்கு மூக்கைக் குத்தி மூக்கன், மூக்காயி என்று பெயர் வைத்தார்கள். குப்பையில் போட்டு எடுத்துக் குப்பையன், குப்பாயி என்றார்கள். எமனுக்கு ஆசை வரக்கூடாதே. கொரியாவிலும் அதே தந்திரம்: சிறுபிள்ளைப் பெயரை இழிவாக வைப்பது. பின்னாளில் பேரரசராக முடி சூடிய கோஜொங்கைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயருக்கு அர்த்தம் நாய்ப்பீ. அரண்மனைக்கும் குப்பைமேட்டுக்கும் அந்தப் பயம் ஒன்றுதான்.

*

டோலின் நடுநாயகம் தட்டு. கொரியர்கள் ‘டோல்ஜாபி’ என்பார்கள். வண்ணக் கைப்பட்டை வைத்த உடுப்பைப் போட்டு, குழந்தையைப் பலகாரத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார வைத்து, முன்னே நூல், அரிசி, பணம், தூரிகை, புத்தகம், வில் அம்பு என்று பரப்பிவிடுவார்கள். பெண் குழந்தைக்கு வில்லுக்குப் பதில் கத்தரி, ஊசி, அளவுகோல் வைத்தது பழைய வழக்கம். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள், அரிசியை எடுத்தால் சோற்றுக்குக் குறைவில்லை, தூரிகையை எடுத்தால் படிப்பு. இப்போது இதயத் துடிப்பு பார்க்கும் கருவியும் நீதிபதியின் சுத்தியலும் தட்டில் ஏறிவிட்டன. தட்டில் எதை வைப்பது என்று முடிவு செய்வது பெற்றோர் என்பதால், பிள்ளை எதை எடுத்தாலும் ஜெயிப்பது பெற்றோர்தான்.

இதற்கு 470 வருஷத்துக்கும் முந்திய ஒரு குறிப்பு இருக்கிறது. அரசியல் காரணத்தால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட யீ முன்-கொன் என்ற அறிஞர், 1551-ல் பேரன் பிறந்ததிலிருந்து அவன் வளர்வதை எழுதிக்கொண்டே வந்தார். ‘யாங்காரொக்’ என்று அந்த ஏட்டுக்குப் பெயர். 1552-ல் முதல் பிறந்தநாளன்று பேரன் முதலில் தூரிகையையும் மையையும் எடுத்தானாம். பாட்டனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே ஏட்டின் பின்பக்கங்களில், படிக்க மாட்டேன் என்ற பையனைப் பாட்டன் அடித்துவிட்டு வருந்துகிற குறிப்புகளும் இருக்கின்றன. வரவு எழுதியவரே பற்றும் எழுதிவைத்தார் என்பதால் அந்தக் கணக்கை நம்பலாம்.

தட்டில் இருக்கும் பலகாரங்களில் இரண்டு கரிசல்காரனுக்கு அந்நியமில்லை. ஒன்று பெக்சொல்கி: அரிசி மாவை ஆவியில் வேகவைத்த வெள்ளைப் பண்டம், புட்டுக்கு அண்ணன் முறை. நூறாம் நாளில் அதை 100 வீட்டுக்குக் கொடுத்தால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். இன்னொன்று சோள மாவு உருண்டையைச் சிவப்புப் பயற்றுத் தூளில் புரட்டியது. கெட்டது அண்டாமல் இருக்க 10 வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் செய்வது. சோளம்! மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி மானாவாரிக் காட்டில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயிற்றை நிரப்பியது அதுதான். இருங்குச் சோளத்தைக் காது குத்துப் பந்தியில் வைத்தால் இன்று மாமன் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள்.

பலகாரம் கொடுத்த வீட்டுக்குப் பாத்திரம் வெறுமனே திரும்பாது என்பது கொரிய முறை. நூலோ அரிசியோ பணமோ அதில் இருக்கும். நம்மூரிலும் அடுத்த வீட்டுக் கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகக் கொடுக்க மாட்டார்கள், ஒரு கரண்டிச் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். செய்முறை என்பது இந்தக் கிண்ணத்தில்தான் தொடங்குகிறது.

*

இனி மல்லாங்கிணற்றுப் பக்கத்துச் செலவு. 300 பேருக்குப் பந்தி என்று வைத்துக்கொள்வோம். பிரியாணி மாஸ்டர்களின் கணக்கு, 10 பேருக்கு ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறி. ஆக 30 கிலோ அரிசி, 30 கிலோ கறி. உயிரோடு 20 கிலோ நிற்கிற கிடாயில் தலை, கால், தோல், குடல் போக 9 அல்லது 10 கிலோ கறிதான் நிற்கும். அப்படிப் பார்த்தால் 3 கிடாய் வேண்டும், கொஞ்சம் இடித்தால் 4. கறி கிலோ 800 என்று வைத்தாலும் 24,000 ரூபாய். தங்கத்தில் சொன்னால் 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நூறு நாள் வேலையில் சொன்னால் 71 நாள். அரிசி, எண்ணெய், விறகு, இலை, பந்தல், மைக்செட், தண்ணீர் கேன் எல்லாம் இதற்கு வெளியே. குலசாமி கோயிலில் வெட்டினால் ஆட்களையும் அண்டாவையும் ஏற்றிப்போகும் வண்டி வாடகை தனி.

கணக்கில் ஒரே ஒரு வரிதான் முழு சைபர்: மொட்டை. 2021 செப்டம்பரிலிருந்து அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. மழிக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. சாத்தூருக்குக் கிழக்கே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் முதல் முடி எவ்வளவோ போயிருக்கிறது. கட்டணம் சைபர் என்றாலும் வீட்டுக்காரர் மழிப்பவர் கையில் ஏதாவது வைக்காமல் வருவதில்லை. பிள்ளை தலை அவர் கத்திக்குக் கீழே இருக்கும்போது பேரம் பேச யாருக்கு வாய் வரும்?

அடுத்தது காது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்து ஆசாரி குத்துவார். கம்மலின் எடை பெரும்பாலும் ஜோடி ஒரு கிராமைச் சுற்றி. அதாவது 11,250 ரூபாய், 33 நாள் கூலி. இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது: தங்க நகைக்கு முத்திரை கட்டாயம் என்று 2021-ல் வந்த ஆணை 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆக, இந்த மண்ணில் ஒரு மனிதன் உடம்பில் ஏறும் முதல் தங்கம் அரசு முத்திரை தேவைப்படாத தங்கம். ஆசாரி சொன்னால் சரி, அவ்வளவுதான். அரசும் ஆசாரியும் எப்போதும் இப்படிச் சுமுகமாக இருந்ததில்லை. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். உலை அணைந்து பிழைப்பை இழந்த பொற்கொல்லர்கள் நாடெங்கும் ஏராளம். 14 காரட் விதி 1966-ல் தளர்ந்தது. கட்டுப்பாட்டுச் சட்டம் மொத்தமாக ஒழிய 1990 ஆனது.

காது இந்தப் பக்கத்தில் ஒரு பெட்டகம். தமிழச்சி தங்கபாண்டியன் தன் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்குப் ‘பாம்படம்’ என்று பெயர் வைத்தார். வடித்த காதில் பாம்படம் ஆட நடந்த பாட்டிகளுக்குப் பேங்க் எதற்கு? பிள்ளைக்குக் குத்தும் ஒரு ஊசித்துளை அந்தப் பெட்டகத்தின் சாவித்துவாரம்.

சிவகாசிக்கு இரண்டு வரவு. முதலாவது அச்சு. காதணி விழாப் பத்திரிகையில் பிள்ளையின் பெயரைவிட ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பெயர்கள்தான் அதிக இடம் பிடிக்கும். அந்தப் பட்டியலில் விட்டுப்போன ஒரு பெரியப்பாவால் வரும் நட்டத்தை எதுவும் ஈடு செய்யாது. இரண்டாவது வெடி. சீர் தெருமுனைக்கு வந்ததும் ஒரு சரம் போட்டால்தான் மாமன் வந்தார் என்று அர்த்தம். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று சரவெடியைத் தடை செய்தது. பச்சை உப்பான பேரியத்தையும் கூடாது என்றது. அதிலிருந்து இந்த வரி மெலிந்துகொண்டே போகிறது.

*

இப்போது மொய் நோட்டு.

வாசலில் ஒரு மேசை, இரண்டு பேர். ஒருவர் பணம் வாங்குவார், ஒருவர் எழுதுவார். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி. ஊர், பெயர், அப்பா பெயர், தொகை. மதுரை வட்டாரத்தில் இப்போது கணினி வைத்து ரசீது அடித்துக் கொடுக்கிற ஆட்களும் வந்துவிட்டார்கள். மொய்யைப் பரிசு என்று நினைப்பவர் வெளியூர்க்காரர். அது கடன், வட்டி எழுதாத, தவணை எழுதாத, ஆனால் ஒருவரும் மறக்காத கடன். “போட்டதுக்கு மேல ஒரு ரூபாயாவது போடணும்” என்பது அதன் ஒரே சட்டம்.

அந்த ‘மேல’ எவ்வளவு என்பதுதான் சிக்கல். 2001-ல் பவுன் ஏறத்தாழ 3,200 ரூபாய், கிராம் 400. அந்த வருஷம் ஒருவர் 101 ரூபாய் மொய் எழுதினார் என்றால் அவர் கொடுத்தது கால் கிராம் தங்கம். இன்று அவர் வீட்டில் விசேஷம். நாம் முறை தவறாமல் இரண்டு மடங்காக 201 எழுதினால், தங்கத்தில் அது 18 மில்லிகிராம். தாராளமாக 501 எழுதினால் 45 மில்லிகிராம். நோட்டில் ‘மேல’ போட்டுவிட்டோம், தராசில் ஐந்தில் ஒரு பங்குகூடத் திருப்பவில்லை. வாங்கிய கால் கிராமை அப்படியே திருப்ப 2,840 ரூபாய் எழுத வேண்டும். கால் நூற்றாண்டில் 28 மடங்கு. ரூபாயில் எழுதும் நோட்டு, முதலில் விசேஷம் வைத்தவருக்கு லாபம். பொறுத்திருந்து கடைசியில் வைத்தவருக்கு நட்டம். முதல் பிள்ளை பிறந்ததும் ஓடிப்போய் காது குத்து வைக்கிறவர்களைச் சும்மா கேலி பேசக்கூடாது.

கொரிய மோதிரத்தில் இந்தக் கோளாறு இல்லை. அக்கா பிள்ளைக்கு 1 டொன் போட்டால், நம் பிள்ளைக்கு 1 டொன் வரும். 20 வருஷம் கழித்து வந்தாலும் 3.75 கிராம் 3.75 கிராம்தான். மொய் நோட்டை ரூபாய்க்குப் பதில் கிராமில் எழுதியிருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அந்த ஊர் ஒரு பதில். ஆனால் கிராமில் எழுதிய கடனுக்கு வேறு வலி: வாங்கும்போது சிரித்தவர் திருப்பும்போது அழுவார். தங்கம் ஏற ஏற 1 டொன் எட்டாமல் போய், 2011 வாக்கில் 1 கிராம் டோல் மோதிரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 3.75 கிராம் வாங்கியவர்கள் 1 கிராமாகத் திருப்பும்போது முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நம் அரசும் இந்தப் பாதையில் நடந்திருக்கிறது. படித்த ஏழைப் பெண்களின் தாலிக்கு 2011-ல் கொடுக்கத் தொடங்கியது 4 கிராம். அதே அரைப் பவுன். 2016-ல் அது 8 கிராம் ஆயிற்று. 2022-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த அந்தத் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறி, கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆனது. மூன்று வருஷப் படிப்புக்கு 36,000. படிப்புக்குக் கொடுப்பது தாலிக்குக் கொடுப்பதைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கணக்குப்பிள்ளையாக மட்டும் பார்த்தால், 8 கிராமுக்கு நான் பிடித்த விலையில் 90,000 தேவை. கிராமிலிருந்து ரூபாய்க்கு மாறியவர் தப்பித்தார்.

கொரிய அரசு மோதிரத்தை வேறு கண்ணால் பார்த்தது. 2016 செப்டம்பர் 28-ல் அமலுக்கு வந்த, முன்னாள் நீதிபதி கிம் யங்-ரான் பெயரால் அழைக்கப்படுகிற லஞ்ச ஒழிப்புச் சட்டம், அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் வேலைத் தொடர்புள்ளவர்களிடம் வாங்கும் செய்முறைக்கு வரம்பு வைத்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தனி வரம்பு. டோல் அந்தப் பட்டியலில் இல்லை; அது வெறும் பரிசு, உச்சம் 50,000 வொன். நம் பணத்தில் 3,100 ரூபாய். தங்கத்தில் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். மல்லாங்கிணற்றில் 2001-ல் 101 எழுதியவர் இன்று அதே கால் கிராமோடு கொரியாவில் அதிகாரி வீட்டு டோலுக்குப் போனால் சட்டத்தின் விளிம்பில் நிற்பார்.

*

மோதிரங்கள் எங்கே போகும்? பீரோவுக்கு. பிள்ளை வளர்ந்தபின் அதை விரலில் போட முடியாது. அது போடுவதற்கான மோதிரமே அல்ல. 1997 கடைசியில் கொரியா திவாலாகும் நிலைக்கு வந்து பன்னாட்டு நிதியத்தின் வாசலில் நின்றபோது அந்தப் பீரோக்கள் திறந்தன. 1998 ஜனவரியில் தொடங்கிய தங்கம் திரட்டும் இயக்கத்தில் சுமார் 35 லட்சத்து 10 ஆயிரம் பேர் வரிசையில் நின்று 227 டன் தங்கத்தைக் கொடுத்தார்கள். கல்யாண மோதிரம், விளையாட்டுப் பதக்கம், பிள்ளைகளின் டோல் மோதிரம். சும்மா கொடுக்கவில்லை, விலை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். 227 டன்னை அந்த ஆட்களால் வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 64.7 கிராம். 17 டோல் மோதிரம். நம் கணக்கில் எட்டுப் பவுன்! மொத்தமும் சேர்ந்து சுமார் 213 கோடி டாலர். நிதியத்திடம் வாங்கிய 1,950 கோடி டாலரோடு ஒப்பிட்டால் ஒன்பதில் ஒரு பங்குதான். கடன் 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு முன்பே அடைந்தது.

1991-ல் இந்தியாவும் அதே வாசலில் நின்றது. அப்போது விமானமேறி லண்டனுக்குப் போன 46.91 டன்னும் ரிசர்வ் வங்கியின் தங்கம். எந்தப் பாட்டியின் பாம்படத்தையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் காரியாபட்டி பஸ்ஸில் ஏறி எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம், அடி வாங்கத் தயாராக இருந்தால்.

*

சீர் மொய்யிலிருந்து வேறு. மொய் திரும்பும், சீர் திரும்பாது. தாய்மாமன் 11, 21, 51 என்று ஒற்றைப்படைத் தட்டோடு வருவார்: பழம், தேங்காய், பூ, பிள்ளைக்கும் அக்காவுக்கும் மச்சானுக்கும் துணி, கம்மல், வசதியிருந்தால் கயிற்றில் ஒரு கிடாய். அக்கா வீட்டுச் சீருக்காக வட்டிக்கு வாங்கிய தம்பிகளின் புலம்பலைச் சாராயக்கடை வாசலில் கேட்டால் அது அன்பளிப்பு போலவே தோன்றாது. ஆனால் இந்த வரியின் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1989 மார்ச் 25-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. பிறந்த வீட்டுப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. 2005-ல் மத்திய சட்டமும் அதையே சொன்னது. கரிசலில் எத்தனை அக்காக்கள் அந்தப் பங்கைக் கேட்டு வாங்கினார்கள்? “அண்ணன் தம்பி சீர் செய்வான்ல, அது போதும்” என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிற இடத்தில்தான் சீரின் உண்மையான விலை எழுதப்படுகிறது. ஒரு ஏக்கருக்கு எத்தனை தட்டு? ஒரு கிராம் கம்மல் ஒரு குழிக்காவது ஈடாகுமா? திரும்பாத செய்முறை என்று சீரைச் சொல்கிறோம். என் பார்வையில் அது திரும்பி வந்துகொண்டிருக்கிற செய்முறை, மிகச் சின்னத் தவணைகளில்.

அரசின் பத்தியையும் நிரப்பிவிடலாம். கொரியாவில் முதல் பிள்ளை பிறந்ததும் 20 லட்சம் வொன் மதிப்புள்ள சீட்டு. 2024-லிருந்து முதல் வருஷம் மாதம் 10 லட்சம் பெற்றோர் உதவி. அதன் மேல் மாதம் 1 லட்சம் குழந்தைப் படி. டோல் வருவதற்குள் மொத்தம் 1 கோடியே 52 லட்சம் வொன், ஏறத்தாழ 9 லட்சத்து 42 ஆயிரம் ரூபாய். 18 மோதிரம் வாங்கி மிச்சம் இருக்கும். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்: ரொக்கம் 14,000, ஊட்டச்சத்துப் பெட்டகமாக 4,000. தங்கத்தில் 1.6 கிராம்.

இத்தனை கொடுத்தும் கொரியாவில் பிள்ளை பிறக்கவில்லை. 1970-ல் 10 லட்சத்துக்கு மேல் பிறந்த நாட்டில் 2023-ல் பிறந்தது 2 லட்சத்து 30 ஆயிரம். ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை. 2024-ல் 0.75. ஒற்றைப் பிள்ளையைச் சுற்றி அம்மா, அப்பா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, அத்தை, மாமா என்று எட்டுப் பேர் பையைத் திறந்து நிற்பதை அங்கே ‘எட்டுப் பை’ என்கிறார்கள். பிள்ளை குறையக் குறைய மோதிரம் கூடுகிறது.

தமிழ்நாட்டில் அந்த எண் 2020-ல் 1.4. இன்று காது குத்தும் பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். அந்தப் பிள்ளையே அம்மாவாகும்போது அவளுக்குக் கூடப்பிறந்தவன் இருப்பானா என்று இந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்போதும் தாய்மாமன் மடி வேண்டும், ஆசாரி காத்திருப்பார். சித்தி மகனோ பெரியப்பா மகனோ வந்து உட்காருவான். இப்போதே சில விசேஷங்களில் உட்காருகிறான். மைக்செட்டில் ‘தாய்மாமன் சீர்’ என்றுதான் அறிவிப்பார்கள். நோட்டு எழுதுகிறவர் மட்டும் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, பெயருக்கு முன்னால் ‘ஒன்றுவிட்ட’ என்று எழுதலாமா வேண்டாமா என்று வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்.